நான் திருப்பி அனுப்பிய மணியார்டர்

காலையில் என்னோடு நடக்க வரும் நாலைந்து பேரும் என் வயதுக்காரர்கள்தான், பேரன் பேத்தி எடுத்தவர்கள். யார் வீட்டுக் கல்யாணமாவது கோர்ட்டுக்குப் போய்விட்டது என்று செய்தி வந்தால் போதும், "நம்ம காலத்துல இதெல்லாம் உண்டா?" என்று ஆரம்பித்துவிடுவார்கள். நானும் தலையை ஆட்டிவிட்டு வந்துவிடுவேன். ஆட்டியிருக்கக் கூடாது. உண்டு தோழிகளே, எங்கள் வீட்டிலேயே உண்டு. எழுபதுகளின் நடுவில் ஒரு மாஜிஸ்திரேட் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே எனக்கு மாதம் இருபது ரூபாய் என்று தீர்மானித்ததை நான் கோர்ட் வராந்தாவில் நின்று கேட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு நான் ஒரு காரியம் செய்தேன். அதைத்தான் உங்களிடம் சொல்லாமல் தலையை மட்டும் ஆட்டிக்கொண்டிருந்தேன்.

நாங்கள் மரக்காணத்துக்காரர்கள். அப்பாவை நைனா என்றுதான் கூப்பிடுவோம். நைனா உப்பளத்தில் கூலிக்குப் பாத்தியில் உப்பு வாருபவர். அம்மா அதே அளத்தில் கூடை சுமப்பவள். தை பிறந்து பாத்தியில் தண்ணீர் கட்டினார்கள் என்றால் புரட்டாசி வரைக்கும் எங்கள் வீட்டில் சோறு இருக்கும். மழை விழுந்தால் அளமும் கிடையாது, கூலியும் கிடையாது. பக்கத்துக் கழுவெளிச் சதுப்பு நிரம்பி, உப்பளமெல்லாம் ஒரே ஏரியாகத் தெரியும்.

சாயங்காலம் நைனா வீட்டுக்கு வந்து காலை நீட்டி உட்காருவார். முழங்கால் வரை உப்பு வெள்ளையாகப் பூத்திருக்கும். குதிகாலில் பாளம் பாளமாக வெடிப்பு. அதற்குள் உப்புக்கல் போய் உட்கார்ந்திருக்கும். நான்தான் சுடுதண்ணீர் ஊற்றித் தேய்த்து, ஊக்கால் ஒவ்வொரு கல்லாக எடுத்து, வேப்பெண்ணெய் தடவுவேன். எரியும்போது மூச்சை உள்ளே இழுத்துக்கொண்டு, "இன்னாடி, ஆபரேஷன் முடிஞ்சுதா டாக்டரம்மா?" என்று கேட்பார். எனக்கு அந்த வேலையை வேறு யாருக்கும் விட்டுக்கொடுக்க மனசு வராது. தம்பி அப்போது மூன்று வயசுப் பையன். கிட்டே வந்தால் முட்டியால் தள்ளிவிடுவேன்.

எனக்கு ஒன்பது வயசாகும்போது நைனாவுக்குச் சொந்தமாக உப்பு எடுக்கிற ஆசை வந்தது. இன்னொருவரோடு கூட்டுச் சேர்ந்து கொஞ்சம் பாத்திகளைக் குத்தகைக்குப் பிடித்தார். முன்பணத்துக்கு அம்மாவின் கம்மல் போனது. அது அவள் சம்மதித்துக் கழற்றிக் கொடுத்தது. போதவில்லை என்று, தம்பி தூங்கும்போது அவன் இடுப்பிலிருந்த வெள்ளி அரைஞாணையும் அவிழ்த்துக்கொண்டு போய் அடகு வைத்துவிட்டார். அது அம்மாவுக்குத் தெரியாது. சித்திரையில் யாரும் எதிர்பாராத மழை ஒன்று இரண்டு நாள் ஊற்றியது. வரப்பில் கொட்டி வைத்த உப்பு கரைந்து கால்வாய்க்கே போய்விட்டது.

அம்மா கம்மலுக்கு அழவில்லை. அரைஞாணுக்குத்தான் அழுதாள். "பெத்த புள்ள இடுப்புல கை வெச்சியே, நீ ஒரு ஆம்பளையா?" என்று கேட்டாள். நைனா அதுவரைக்கும் அவளை அடித்ததில்லை. அன்றைக்கு அடித்தார். மறுநாள் காலை பஸ்ஸில் அம்மா எங்கள் இரண்டு பேரையும் இழுத்துக்கொண்டு தன் அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். பெருமுக்கல் மலை தெரிகிற ஒரு சின்ன ஊர் அது, கடலும் இல்லை, உப்பும் இல்லை. காற்றில் வேர்க்கடலைச் செடி வாசனைதான் வந்தது, அது எனக்குப் பிடிக்கவே இல்லை.

மாமாவை நான் அப்போது வில்லன் என்று நினைத்தேன். மீசை, அதட்டல், வாசலில் செருப்பைக் கழற்றி எறிகிற சத்தம் எல்லாம் அதற்கு ஏற்றபடி இருந்தன. இப்போது யோசித்தால், ஐந்து வாய் இருந்த வீட்டில் இன்னும் மூன்று வாயைச் சேர்த்துக்கொண்டு ஒரு வார்த்தை சொல்லாதவர் அவர்தான். சொன்னதெல்லாம் அத்தை. சோறு போடும்போது கரண்டியைக் குண்டான் விளிம்பில் தட்டுவாள். அந்தத் தட்டலுக்கு என்ன அர்த்தம் என்று அம்மாவுக்குத் தெரியும். அவள் பாதித் தட்டிலேயே, "போதும் அண்ணி" என்று கையை மறித்துக்கொள்வாள். விடிந்தால் யார் கொல்லையிலாவது கடலை பிடுங்கப் போய்விடுவாள்.

மாமாதான் கேஸ் போட்டார். "அவன் புள்ளைங்களுக்கு அவன்தான் சோறு போடணும். சட்டம் இருக்குது" என்றார். நாங்கள் எல்லோரும் பஸ் ஏறி கோர்ட்டுக்குப் போனோம். எனக்கு அத்தை மகளின் பாவாடை. வராந்தாவில் நின்றால் உள்ளே நடப்பது தெரிந்தது, பேசுவதும் நன்றாகக் கேட்டது. மாஜிஸ்திரேட் நைனாவிடம், "மாசம் என்ன சம்பாதிக்கிறே?" என்று கேட்டார்.

"எந்த மாசம் கேக்குறீங்க சாமி?" என்றார் நைனா.

கோர்ட்டில் எல்லோரும் சிரித்தார்கள். நைனா கிண்டல் செய்யவில்லை. உப்பளத்துக்காரனுக்கு மாதச் சம்பளம் என்று ஒன்று கிடையாது, மாசி வேறு, ஐப்பசி வேறு. மாமாவின் வக்கீல், இவர் குத்தகைதாரர், வசதியுள்ளவர் என்று அடித்துப் பேசினார். நைனா இரண்டு கையையும் விரித்துக் காட்டினார். மாஜிஸ்திரேட் எட்டிப் பார்த்தார். உப்புக் கையை அவர் முன்னே பின்னே பார்த்திருப்பாரா என்று தெரியாது. கொஞ்ச நேரம் எழுதிவிட்டுச் சொன்னார்: மனைவி தானாக வெளியேறி வந்ததால் அவளுக்கு ஒன்றும் இல்லை. பிள்ளைக்கு இருபது வீதம் நாற்பது ரூபாய், மாதா மாதம் பத்தாம் தேதிக்குள் மணியார்டரில் அனுப்ப வேண்டும். தவறினால் வாரண்டு, அதற்கும் கட்டவில்லை என்றால் ஜெயில்.

"புள்ளைங்கள நானே வெச்சிக் காப்பாத்துறேன் சாமி, அனுப்பச் சொல்லுங்க" என்றார் நைனா.

"அது வேற கேஸ்ப்பா" என்றார் மாஜிஸ்திரேட்.

திரும்பி வரும்போது பஸ்ஸில் நான் தம்பியிடம், "நீ இருவது, நான் இருவது" என்று விளையாடினேன். அவனுக்கு ஒன்றும் புரியாமல் சிரித்தான். அம்மா என் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். முன் சீட்டிலிருந்து மாமா திரும்பி, "விடு. கோர்ட்டு பணத்த மாசா மாசம் கையில வாங்கிட்டா முடிஞ்சுது. அப்புறம் அவன் யாரோ, நாம யாரோ" என்று அம்மாவுக்கு ஆறுதல் சொன்னார்.

அந்தப் பேச்சுதான் என்னைப் பிடித்துக்கொண்டது. ஏனென்று சொல்கிறேன். மரக்காணத்தில் எங்கள் பக்கத்து வீட்டு அக்காவுக்கும் அவள் புருஷனுக்கும் ஒத்துவராமல் போய், கோயில் முன்னால் பஞ்சாயத்துக் கூடியது. நானும் வேடிக்கை பார்க்க நின்றேன். அந்த ஆள் தாம்பாளத்தில் வெற்றிலை பாக்கு வைத்து, அதன்மேல் பணத்தை வைத்தார். அக்காவின் அண்ணன் அதை எடுத்துக்கொண்டார். பிறகு ஊர்ப் பெரியவர் ஒரு துரும்பை எடுத்துக் கொடுக்க, புருஷன் அதை இரண்டாகக் கிள்ளிப் போட்டார். அவ்வளவுதான், தீர்ந்தது. அடுத்த வாரம் அந்த ஆள் அக்காவின் எதிரே தெருவில் வந்தார். விளக்குக் கம்பத்தைத் தாண்டிப் போவது மாதிரி தாண்டிப் போனார்.

எங்கள் ஊரில் பிள்ளைகளுக்குக்கூட இது தெரியும். பணத்தை வாங்கினால் தீர்ந்தது, வாங்காதவரைக்கும் தீரவில்லை. அந்தப் பணம் வேறு, கோர்ட் சொன்ன பணம் வேறு என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. கோர்ட் பணம் பிள்ளைகளின் சோற்றுக்கு. அதை வாங்கினால் எதுவும் அறுந்துபோகாது. இதையெல்லாம் ஒன்பது வயசில் நான் யாரிடம் கேட்பேன்? நைனா நாற்பது ரூபாய் அனுப்புவார், அம்மா வாங்குவாள், அதோடு அவர் என்னையும் விளக்குக் கம்பம் மாதிரி தாண்டிப் போய்விடுவார் என்று நினைத்தேன். அம்மா அதை வாங்கக் கூடாது என்று முடிவு செய்தேன்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்ட நேரம். எல்லோரும் கொல்லை வேலைக்குப் போயிருந்தார்கள். தம்பிக்குக் காய்ச்சல் என்று என்னைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பாமல் வீட்டில் விட்டிருந்தார்கள். உச்சிவேளையில் தபால்காரர் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். உரச் சாக்கைத் தலையில் கவிழ்த்திருந்தார்.

"அம்மா எங்க பொண்ணு? மரக்காணத்துலேர்ந்து மணியார்டர் வந்திருக்குது."

என் வாய் தயாராக இருந்தது. "அம்மா அத வாங்கமாட்டாங்க. திருப்பி அனுப்பச் சொல்லிட்டாங்க."

"யாரு, உங்கம்மாவா? இல்ல மாமா சொன்னாரா?"

"ரெண்டு பேருந்தான்."

அவருக்கு எங்கள் வீட்டு வழக்கு தெரியும், ஊருக்கே தெரியும். உதட்டைப் பிதுக்கினார். "இன்னாமோ சேதி எழுதியிருக்குது இதுல. படிக்கட்டுமா?"

"வேணாம்" என்றேன்.

"யோசிச்சிச் சொல்லச் சொல்லு. நாளைக்கி வர்றேன்."

மறுநாள் அவர் வீடுவரைக்கும் வரத் தேவையில்லாமல் நானே ஊருக்குள் நுழைகிற ஏரிக்கரையில் போய் நின்றுகொண்டேன். அதையே சொன்னேன். மழையில் அந்தச் சேற்றுப் பாதையைக் கடக்க வேண்டியதில்லை என்பதில் அவருக்கும் நிம்மதி இருந்திருக்க வேண்டும். ஃபாரத்தில் என்னவோ எழுதிக்கொண்டார். நான் துள்ளிக் குதித்து வீட்டுக்கு வந்தேன். நைனாவைக் காப்பாற்றிவிட்டேன் என்று அவ்வளவு சந்தோஷம். அன்று சாயங்காலம் தம்பியை ஒரு தடவைகூட முட்டியால் தள்ளவில்லை.

அடுத்த மாதமும் இதே கதை. மூன்றாம் மாதம் அவர் கேட்கக்கூட இல்லை. ஏரிக்கரையில் என்னைப் பார்த்ததும், "அதேதான?" என்றார். நான் தலையாட்டினேன்.

அந்த மூன்று மாதம் வீட்டில் என்ன நடந்தது என்பதையும் நான் சொல்லியாக வேண்டும். மழையில் கொல்லை வேலை நின்றுபோனது. அத்தையின் கரண்டிச் சத்தம் வாய்ப் பேச்சாக மாறியது. "கோர்ட்டு குடுத்துச்சாம் நாப்பது ரூபா, எந்தக் கோட்டைக்குப் போச்சோ" என்று சுவரிடம் பேசுவாள். அம்மா யார் யாருக்கோ கடலை உரித்துக் கொடுத்தாள். ஓடு உரித்து உரித்துக் கட்டைவிரல் நகம் பிய்ந்து, துணி சுற்றிக்கொண்டு உரித்தாள். ஒரு நாள் அவள் எங்களுக்குப் போட்டுவிட்டுத் தான் வெறும் நீராகாரம் குடிப்பதைப் பார்த்தேன். என்னால்தான் என்று தெரிந்தும் நான் வாயைத் திறக்கவில்லை. பொங்கல் வந்தால் அளத்தில் வேலை தொடங்கிவிடும், நைனா நம்மைக் கூட்டிக்கொண்டு போய்விடுவார் என்று ஒரு கணக்கு வைத்திருந்தேன். என் கணக்கின் லட்சணம் அது.

மாமா வாரண்டு வாங்கினார். தை மாதத்தில் மறுபடியும் அதே கோர்ட். ஒரு கான்ஸ்டபிள் நைனாவைப் பாத்தியிலிருந்தே நேராகக் கூட்டி வந்திருந்தார். சட்டை இல்லை, தோளில் துண்டு, முழங்கால்வரை உப்பு காய்ந்து வெள்ளையாக இருந்தது. கோர்ட் வராந்தாவில் அவர் நடந்த இடமெல்லாம் வெள்ளைச் சுவடு. பக்கத்தில் கைவிலங்கோடு ஒரு ஆள் குந்தியிருந்தான். மாமா அவனைக் காட்டி என்னிடம், "பாத்தியா, கோர்ட்டுல பொய் சொன்னா இப்படித்தான்" என்றார். எனக்குச் சொல்லவில்லை, நைனாவுக்குக் கேட்கட்டும் என்று சொன்னார். கேட்டது நான்.

உள்ளே மாஜிஸ்திரேட், "ஏன் பணம் கட்டலே? ஜெயிலுக்குப் போறியா?" என்று அதட்டினார். நைனா இடுப்பு மடியிலிருந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்தார். அதில் மூன்று மணியார்டர் ரசீது, திரும்பி வந்ததற்கான மூன்று சீட்டு. கூடவே நூற்றியிருபது ரூபாய். திரும்பி வந்த பணத்தில் அவர் ஒரு ரூபாயைத் தொடவில்லை. மழைக்காலம், வேலை இல்லை, தான் என்ன சாப்பிட்டார் என்று யாரும் கேட்கவில்லை.

குமாஸ்தா சீட்டைப் பார்த்துவிட்டு, "வாங்க மறுப்புன்னு எழுதியிருக்குங்க" என்றார். மாஜிஸ்திரேட் அம்மா பக்கம் திரும்பினார்.

"பணத்தைத் திருப்பி அனுப்பிட்டு, வரலேன்னு வாரண்டு வாங்கினியா?"

"எனக்கு வரவே இல்லீங்க சாமி."

"அப்ப போஸ்ட் ஆபீஸ் பொய் சொல்லுதா? இந்த மாதிரி பொய் கேஸ் இன்னொரு தடவை கொண்டு வந்தா உன்னை உள்ளே வெப்பேன்."

அம்மா பணத்தை வாங்கிக்கொண்டு கைநாட்டு வைத்தாள். வெளியே வரும்போது அவள் முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்க முடியவில்லை.

மாமா வக்கீலோடு பேசிக்கொண்டிருந்த சமயத்தில் நைனா என் பக்கம் வந்தார். என் தலையைத் தொடக் கை நீட்டி, கையில் உப்பு இருந்ததால் வேட்டியில் துடைத்துக்கொண்டார். உறையிலிருந்து ஒரு துண்டுச் சீட்டை எடுத்தார். மணியார்டர் ஃபாரத்தில் சேதி எழுதுகிற பகுதி.

"நீ படிச்சவதான, படி."

யாரோ வேற்று ஆளின் அழகான கையெழுத்து. நைனா சொல்லச் சொல்ல எழுதியிருக்க வேண்டும். "நான் செய்தது தப்பு. தம்பி அரைஞாணை மீட்டுவிட்டேன். இந்தப் பணம் உன் கையில் சேர்ந்தால், நான் வந்து கூட்டிப்போக உனக்குச் சம்மதம் என்று எடுத்துக்கொள்வேன். வேண்டாம் என்றால் பணத்தைத் திருப்பி அனுப்பிவிடு."

"ரெண்டாவது வாட்டியும் இதத்தான் எழுதச் சொன்னேன். திரும்பிடுச்சு. அதான் உங்கம்மா பதில். விடு, அவ மேலயும் தப்பில்ல" என்றார் நைனா.

என் வயதுக்காரர்களே, இந்த இடத்தில்தான் நான் மாட்டிக்கொண்டிருக்கிறேன். மணியார்டரைத் திருப்பியது தெரியாமல் செய்தது. அதற்கு ஒன்பது வயசை மன்னித்துவிடலாம். ஆனால் அந்தச் சீட்டைப் படித்தபோது எனக்கு எல்லாம் தெரிந்துவிட்டது. பத்தடி தள்ளி அம்மா நிற்கிறாள். "நைனா, நான்தான் திருப்பி அனுப்பினேன்" என்று நாலு வார்த்தை சொன்னால் போதும். விலங்கு மாட்டிய ஆளைப் பார்த்தேன், மாமாவின் மீசையைப் பார்த்தேன். சீட்டை மடித்து நைனாவிடம் கொடுத்துவிட்டேன். அவர் கான்ஸ்டபிளிடம் ஒரு கும்பிடு போட்டுவிட்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தார்.

மாமா வீடு வந்து சேரும்வரை பொறுக்கவில்லை. "எனக்குத் தெரியாம திருப்பி அனுப்பினியா? உன்னால கோர்ட்டுல என் மானம் போச்சு" என்று பஸ்ஸிலேயே கத்தினார். அம்மா என் உச்சந்தலையில் உள்ளங்கையை வைத்தாள். "இந்தப் பொண்ணு தலைமேல சத்தியமா எனக்குத் தெரியாது அண்ணா." அந்தக் கையின் கனம் எனக்கு இன்னும் தெரியும். அதன் கீழேயும் நான் பேசாமல் உட்கார்ந்திருந்தேன்.

மறுநாள் மாமா தபால்காரரைப் பிடித்துக் கேட்டார். "வீட்டுல சொன்னாங்க, எழுதினேன்" என்று அவர் சொல்லும்போது என்னைத்தான் பார்த்தார். ஒன்பது வயசுப் பிள்ளை பேச்சைக் கேட்டு எழுதினேன் என்று சொன்னால் அவர் வேலை போய்விடும். அவருக்கும் எனக்கும் அன்றிலிருந்து ஒரு கள்ளக் கூட்டு. மாமா அம்மாவைத்தான் நம்பாமல் போனார்.

அதன்பின் நைனா ஒரு மாதம்கூடத் தவறவில்லை. பத்தாம் தேதிக்குள் மணியார்டர் வந்துவிடும், ஐப்பசியிலும் வரும். அந்தப் பணத்தில்தான் நான் பெரிய வகுப்புகளுக்குப் போனேன், டீச்சர் டிரெயினிங் போனேன். தபால்காரர் அம்மாவிடம் பணத்தை எண்ணிக் கொடுத்துவிட்டு, சேதித் துண்டைக் கிழித்து என்னிடம் கொடுப்பார். அது எல்லா மாதமும் காலியாக இருக்கும். அம்மா கேட்பாள், "இன்னா எழுதியிருக்குது?" நான், "ஒண்ணுமில்லம்மா" என்பேன். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் நான் பொய் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

நைனா வேறு கல்யாணம் செய்துகொள்ளவில்லை. அம்மாவும் மரக்காணம் பக்கம் போகவில்லை. எனக்கு வேலை கிடைத்து அவரைப் பார்க்கப் போனபோதெல்லாம் சொல்லிவிட வேண்டும் என்று போவேன், சொல்லாமல் வருவேன். அவர் இறந்தபோது அம்மா வந்து கொஞ்ச நேரம் கால்மாட்டில் நின்றுவிட்டுப் போனாள். அழக்கூட இல்லை என்று அங்கிருந்தவர்கள் குறை பேசினார்கள்.

போன வருஷம்தான் அம்மாவிடம் சொன்னேன். அவளுக்கு எண்பது தாண்டிவிட்டது, காது கொஞ்சம் மந்தம். ஏரிக்கரை, தபால்காரர், சீட்டில் இருந்தது எல்லாவற்றையும் உரக்கச் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்த வீட்டுக்குக் கேட்டிருக்கும். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டவில்லை. அந்தச் சேதியை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.

"அப்ப அந்தப் பணம் வந்திருந்தா இன்னா பண்ணியிருப்பம்மா?" என்று நானே கேட்டேன். திருப்பித்தான் அனுப்பியிருப்பேன் என்று சொல்லிவிடுவாள் என்று எனக்குள் ஒரு நப்பாசை. பசியில்லை, போதும் அண்ணி, கீழே விழுந்ததால் வந்த காயம் என்று எங்களுக்காக எத்தனையோ பொய் சொன்னவள் அவள்.

"வாங்கியிருப்பேன்" என்றாள் அம்மா. "வாசல்லயே உக்காந்திருந்திருப்பேன்டி, எந்த பஸ்ல வர்றாருன்னு பாத்துக்கினு."